பூக்கடைக்கு ஆள் வரவழைப்பது எப்படி? வாட்ஸ்அப்பில் போடும் செய்தி பாதிப் பேருக்குப் போகவே இல்லை

வடசேரி பூக்கடை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் சின்னப் பூக்கடை வைத்திருக்கிறேன், தை மாதம் ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் வீட்டுக்காரர் பைக்கில் தோவாளை சந்தைக்குப் போய்ப் பிச்சி, மல்லி, கிரேந்தி (செண்டுமல்லி), அரளி, சம்பங்கி எடுத்து வருவார். நானும் மாமியாரும் தொடுப்போம்.

கல்யாண மாதங்களில் ஓடிவிட்டது. ஆடி பிறந்ததும் வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டம், மற்ற நாளில் ஆளே இல்லை. இரவு எட்டரை மணிக்கு மிஞ்சுகிற பிச்சியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காலையில் இளஞ்சிவப்பு மொட்டாக வந்தது, கூடையிலேயே விரிந்து, மறுநாள் கசங்கிக் கிடக்கும். தினமும் அரைக் கிலோவாவது குப்பைக்குப் போகிறது.

2000 நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு வைத்தேன். மூன்று போன் வந்தது. வாட்ஸ்அப் பிசினஸில் 180 நம்பரைச் சேர்த்து, தினமும் காலையில் பூ படமும் விலையும் பிராட்காஸ்ட் போடுகிறேன். தகவலைத் திறந்து பார்த்தால் நாற்பது பேருக்குத்தான் சேர்ந்திருக்கிறது. போன் கடைத் தம்பி நெட்வொர்க் கோளாறு என்கிறார். கூகுள் மேப்பில் கடை பக்கத்துத் தெருவில் காட்டுகிறது.

இன்ஸ்டாகிராம் விளம்பரம் செய்து தர ஒருவர் மாதம் 8000 கேட்கிறார். கொடுக்கலாமா? இரவில் பாதி விலைக்கு விற்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்போன் சந்தேகம்:

அக்கா, நெட்வொர்க் கோளாறு இல்லை. பிராட்காஸ்ட் செய்தி உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போகும். நீங்கள் அவர் நம்பரை வைத்திருந்தால் போதாது. ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நம்பர் இருக்க வேண்டும். அதனால் கடைக்கு வருகிறவர் ஜிபே செய்ய போனை எடுக்கும்போதே, "வடசேரி பூக்கடை என்று நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள், விலை தினமும் அனுப்புகிறேன்" என்று கேட்டுவிடுங்கள். போன் ஏற்கெனவே கையில் இருப்பதால் மறுக்க மாட்டார்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்.

மேப்பில் கடை விவரத்தைத் திருத்தும் இடத்துக்குப் போய்க் குறியைக் கையால் நகர்த்தி உங்கள் வாசலில் வையுங்கள். திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் சரியாகப் போடுங்கள். இதற்குக் காசு கிடையாது. இதெல்லாம் முடியும் வரை 8000 ரூபாயைத் தொடாதீர்கள்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி:

தாயி, 22 வருடமாகப் பூ விற்கிறேன். பாதி விலை வேண்டாம். ஒரு வாரம் கொடுத்தால் ஆறரைக்கு வாங்குகிறவர்களும் எட்டரை வரை காத்திருப்பார்கள். எடுக்கிற பிச்சியைக் குறை. எல்லாவற்றையும் காலையிலேயே தொடுத்துவிடாதே. பாதியை உதிரியாக, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கக் கட்டு.

பூக்கடை நிற்பது வாடிக்கைப் பூவில்தான். உன் தெருவில் மளிகைக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு எத்தனை என்று எண்ணு. எல்லா இடத்திலும் சாமி படம் இருக்கும், கல்லாவுக்கு ஒரு துண்டுச் சரம் வேண்டும். காலையில் நீயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வா. அப்படி இருபது இடம் பிடித்தால் ஆடியும் மார்கழியும் உன்னை ஒன்றும் செய்யாது.

ஒன்று கவனம். தினமும் இரண்டு முழம் என்று பேசிவிடாதே. முகூர்த்த நாளில் மல்லி விலை நாலு மடங்கு ஏறினால் கைக்காசு போட வேண்டி வரும். "தினமும் 15 ரூபாய்ப் பூ" என்று பேசு. விலை ஏறும் நாளில் சரம் சுருங்கும், மலிந்த நாளில் நீளும். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடு. வாடிக்கை வீடுகளின் கல்யாண நாள், பெரியவர்கள் திதி, அமாவாசை, பிரதோஷம், சஷ்டி. முந்தின நாள் சாயங்காலம் "நாளைக்கு மாலை வேண்டுமா அம்மா?" என்று ஒரு வரி அனுப்பு. இதற்கு மேல் விளம்பரம் நான் பார்த்ததில்லை.

வடசேரி பூக்கடை:

அண்ணாச்சி, மாதக் கணக்கு என்றால் பாக்கி விழுமே? மாமியார் அதைத்தான் சொல்கிறார். அவர் தோவாளைக்காரர், கடன் சொல்லிப் போனவர்களை நிறையப் பார்த்தவர்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி:

அவர் சொல்வது சரி. 15 நாளுக்கு முன்பணம் வாங்கு. தர மறுக்கிற கடையை விட்டுவிடு.

மார்த்தாண்டம் பியூட்டிஷியன்:

மாமியார் தோவாளையா? அவருக்கு மாணிக்கமாலை கட்டத் தெரியுமா என்று கேளுங்கள். அரளிப்பூவை மடித்து, பச்சை நொச்சி இலை சேர்த்து, கல் பதித்தாற்போல் கட்டுவார்களே, அதற்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெரியுமென்றால் அவர் விரல் மடிக்கிறதை மட்டும், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் வைத்து அரை நிமிஷம் வீடியோ எடுத்துப் போடுங்கள். கீழே விலையைக் கட்டாயம் எழுதுங்கள். விலை இல்லாத படத்துக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

மணப்பெண் அலங்காரம் செய்கிற எங்களைப் போன்றவர்களை நேரில் பாருங்கள். எனக்குக் காலை ஐந்து மணிக்கு, சொன்ன அளவில் ஜடைப்பூ வந்து சேர்ந்தால் போதும். நம் மாவட்டத்தில் சர்ச் கல்யாணமும் நிறைய, அதற்கு ஆடி தடையில்லை. பீட அலங்காரம், கார் அலங்காரம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

ஆவணியில் ஓணம் வருகிறது. கல்லூரி, வங்கி எல்லாம் அத்தப்பூக் கோலம் போடுவார்கள். கேரள வியாபாரிகள் இறங்கியதும் தோவாளையில் விலை ஏறிவிடும். இப்போதே போய் முன்பணத்தோடு ஆர்டர் பிடியுங்கள்.

வடசேரி பூக்கடை (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நம்பரைச் சேமிக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டேன், இப்போது 112 பேருக்குச் செய்தி சேருகிறது. மேப்பும் சரியாகிவிட்டது. இன்ஸ்டாகிராம் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

14 கடையும் 9 வீடும் வாடிக்கை பிடித்தாயிற்று. இரண்டு கடைக்காரர்கள் முன்பணம் தரவில்லை, விட்டுவிட்டேன். ஞாயிறு பாதிக் கடை திறப்பதில்லை, அன்றைக்குப் பூவைக் குறைத்து எடுக்கிறோம். இரவு மிஞ்சுவது இப்போது இரண்டு கைப்பிடிதான், அதைத் தெருமுனைப் பிள்ளையாருக்குப் போட்டுவிடுகிறோம்.

மாமியாருக்கு மாணிக்கமாலை தெரியும். கல்யாணத்துக்கு முன் அவர் அப்பாவோடு உட்கார்ந்து கட்டியதாம். வீடியோ எடுக்கும்போது, "முகத்தை எடுக்காதே, கையை மட்டும் எடு" என்றார். அதைப் பார்த்து நான்கு பேர் மாலை கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்லூரி ஓணத்துக்கு 20 கிலோ கிரேந்தி சொல்லி, பாதிப் பணம் தந்துவிட்டது.

மார்த்தாண்டம் அக்கா, மாதிரிக்கு ஒரு ஜடைப்பூ கட்டி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டுவந்து காட்டட்டுமா?