அக்னி தீர்த்தக் கரையில் கொடுத்த 300 ரூபாய்

சங்குக்கடைக்காரி:
ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கு, சோழி விக்கிறேன். போன அமாவாசைக்கு வடநாட்டுப் பெரியவர் ஒருத்தர் ஈர வேட்டியோட கடை முன்னால வந்து நின்னார். குளிக்கும்போது கரையில வச்ச பை போயிடுச்சாம். கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடாமலே ஊர் திரும்பணும்னு இந்தியும் சைகையுமா சொன்னார். விரல் நுனியெல்லாம் உப்புத் தண்ணியில ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. காலையில வித்த காசு 300ஐ அப்படியே கொடுத்துட்டேன். "அது அவன் கர்மா, குறுக்கே போய் நீ ஏன் வாங்கிக்கிற"ங்கிறாங்க மாமியார். ராத்திரி தூக்கம் வரலை. அப்படியும் உண்டா?

மண்டபம் படகுக்காரன்:
அக்கா, ஏப்ரல் 15லிருந்து 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஒரு வருஷம் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கே எழுதாம அரிசி கொடுத்தார். எங்க கர்மான்னு அவர் இருந்திருந்தா என் பிள்ளைங்க பட்டினிதான்.

கீழக்கரையிலிருந்து:
எங்க இஸ்லாம் மார்க்கத்துல ஜகாத்னு கட்டாய தர்மம் உண்டு, சேமிப்புல 2.5 சதவீதம். அது யாருக்குன்னு சொல்ற எட்டு வகையில வழிப்போக்கரும் உண்டு. ஊர்ல வசதியா இருந்தாலும், வழியில கையில காசில்லாம நின்னா அவருக்குப் பாத்தியதை இருக்கு. நீங்க கொடுத்தது சரிதான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கர்மம் என்றாலே செயல்தானம்மா. பை போனது அவர் வினை என்றால், கை நீட்டிக் கொடுத்தது உங்கள் வினை. ஒருவர் வினை இன்னொருவருக்கு ஒட்டாது. அடுத்த முறை முடிந்தால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் டிக்கெட்டே எடுத்துக் கொடுங்கள்.

சங்குக்கடைக்காரி:
எல்லாத்தையும் அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். பதில் சொல்லலை. "அவர் சாப்பிட்டாரா, கேட்டியா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் கேட்கலை.