பொம்மைக்கு நிஜ உடம்பு வேண்டுமா? வேண்டுமென்றால் என்ன அளவு?

ஊஞ்சல்பலகை (கேள்வி):

4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டு மூலைக்கு 12 பொம்மைகள் சேர்க்க வேண்டும். கடையில் பெரும்பாலும் இரண்டு வகைதான் கிடைக்கிறது: சிட்டிகை இடுப்பும் நீளக் காலுமாக ஃபேஷன் பொம்மை, இல்லாவிட்டால் கொழுகொழு பாப்பா. நிஜ உடம்பு மாதிரி பொம்மை கொடுத்தால்தான் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் வெறுப்பு வராது என்கிறது ஒரு கட்சி. பொம்மை பொம்மைதானே, யானை பொம்மைக்கு யார் அளவெடுக்கிறார்கள் என்கிறது இன்னொரு கட்சி.

எனக்குத் தெரிய வேண்டியவை: அந்த ஒல்லி இடுப்புக்கு ஏதாவது தொழில் காரணம் உண்டா? ஆய்வுகளில் உறுதியாக என்ன இருக்கிறது? துணியில் தைத்துக்கொள்வதானால் என்ன அளவு வைக்கலாம்?

அரைக்கால் இன்ச்:

முதல் கேள்விக்கு என் பதில்: காரணம் உண்டு, ஆனால் பாதிதான்.

பார்பி 1959இல் வந்தது. உயரம் 29 செ.மீ., அதாவது ஆறில் ஒரு பங்கு அளவு. ஆறால் பெருக்கினால் 174 செ.மீ. பெண். பழைய உடலின் இடுப்புச் சுற்று 8 செ.மீ.க்குக் கிட்ட, பெருக்கினால் 48, கிட்டத்தட்ட 19 இன்ச்.

உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. சாதாரண பாப்ளின் கால் மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டி மடிப்பு, பாவாடைச் சுருக்கம், உள்ளே போகும் சட்டை எல்லாம் சேர்ந்தால் எட்டு அடுக்கு சுலபமாக வந்துவிடும். மொத்தம் 2 மி.மீ. இடுப்பைச் சுற்றி 2 மி.மீ. கூடினால் சுற்றளவு 1.25 செ.மீ. கூடும். 70 செ.மீ. இடுப்புள்ள ஆளுக்கு அது கண்ணிலேயே படாது. 8 செ.மீ. இடுப்பு 9.25 ஆகிவிடும், நிஜ அளவில் 19 இன்ச் 22 ஆகிறது. இதே பொம்மைக்கு 27 இன்ச் இடுப்புக்குச் சமமாக 11.5 செ.மீ. வைத்தால், உடை போட்ட பிறகு 30 இன்ச் ஆள் மாதிரி தெரியும். ஆக, உடை மாட்டுவதற்காகவே செய்த பொம்மைக்கு இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கி வைப்பது தையற்காரருக்குப் புரியும் ஏற்பாடுதான்.

ஏன் பாதி என்றேன்? இந்தக் கணக்கு மூன்று இன்ச்சுக்குத்தான் சமாதானம் சொல்கிறது. 27ஐ 24 ஆக்கலாம். 19 ஆக்குவதற்குத் துணியைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. கால் நீளத்துக்கும் கழுத்து நீளத்துக்கும் துணியோடு சம்பந்தமே இல்லை. குதிகால் தூக்கிய பாதம் ஹை ஹீல்ஸ் மாட்டுவதற்காக. அதனால்தான் பழைய வடிவம் தாங்கு கம்பி இல்லாமல் நிற்காது. 1965இல் ஒரு பார்பி தொகுப்போடு வந்த குட்டி எடைக்கருவியில் முள் 110 பவுண்டில் ஒட்டியிருந்தது, அதாவது 50 கிலோ. அந்த உயரத்துக்கு அது தெளிவாக எடைக் குறைவு. அதற்கும் துணிக் கனமா காரணம்?

இடுப்பை ஒடுக்காமலே கனத்தைக் குறைக்கலாம். பாப்ளினுக்குப் பதில் மல்மல் எடுங்கள். பட்டி வைக்காமல் விளிம்பை ஒரே மடிப்பில் தையுங்கள். சுருக்கத்துக்குப் பதில் குடைவெட்டுப் பாவாடை வெட்டினால் இடுப்பில் ஒற்றைத் துணிதான் நிற்கும். சட்டையைப் பாவாடைக்கு மேலே விடுங்கள். எட்டு அடுக்கு மூன்றாகிவிடும்.

கொலுப்படி:

ஆய்வுப் பக்கம் நான் சொல்கிறேன். இரண்டு கட்சிக்கும் இதில் முழு வெற்றி கிடையாது.

1996இல் வந்த ஓர் அளவுக் கணக்கு: பார்பி உடலமைப்பில் ஒரு பெண் இருப்பதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு, பார்பியின் ஆண் ஜோடிப் பொம்மையான கென் உடலமைப்புக்கு ஐம்பதில் ஒன்று. இது உடம்பைப் பற்றிய கணக்கு. பிள்ளைகள் மனசைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. ஆனால் விவாதங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது வழக்கம்.

மனசைப் பார்த்தது 2006இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு. ஐந்தரை முதல் எட்டரை வயது வரை 162 சிறுமிகள். சின்னவர்களிடம் பார்பி படம் பார்த்த பிறகு தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியது. மூத்த பிரிவில் அந்த விளைவு தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, அங்கே காட்டியது கதைப் புத்தகப் படங்கள். கையில் பொம்மை கொடுத்து விளையாட விடவில்லை.

2010இல் நெதர்லாந்தில் 6 முதல் 10 வயது வரை 117 சிறுமிகளுக்குப் பொம்மையையே கொடுத்தார்கள். உடம்பைப் பற்றிய பதில்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிறகு வைத்த தின்பண்டத்தைச் சராசரி உடம்புப் பொம்மையோடு விளையாடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். வாய் சொல்லாததைக் கை சொல்லியிருக்கிறது என்பது என் வாசிப்பு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு.

2021இல் வந்த இன்னொன்று சின்னது, 5 முதல் 9 வயது வரை 31 பேர்தான். மெலிந்த பொம்மையோடு விளையாடியதும் "இப்படி இருந்தால் நல்லது" என்று அவர்கள் காட்டிய உடம்பு ஒல்லியானது. அதற்குப் பிறகு நிஜ அளவுப் பொம்மை கொடுத்தும் அது உடனே பழைய நிலைக்கு வரவில்லை. 31 பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் ஒல்லிப் பொம்மை பத்து, சரிக்கட்ட நிஜப் பொம்மை இரண்டு என்று வாங்க நினைப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

உங்களுக்கு முக்கியமானது 2019 ஆய்வு. 2016இல் பார்பிக்கு உயரம், குட்டை, பூசினாற்போன்ற உடம்பு என மூன்று வடிவம் கூடுதலாக வந்ததே, அவற்றை 3 முதல் 10 வயது வரை 84 சிறுமிகளிடம் காட்டினார்கள். பூசினாற்போன்றவளுக்குத்தான் கெட்ட அடைமொழிகள் அதிகம் கிடைத்தன. விளையாடக் கூப்பிடும்போதும் அவள்தான் கடைசி. பொம்மையை மாற்றிவிட்டு, அதன் பக்கத்தில் பெரியவர்கள் "குண்டு" என்று கேலி பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை எதைக் கற்கும்?

நூல்கண்டு:

"நிஜ உடம்பு" என்றால் யாருடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு 19 வயதுப் பெண்ணின் சராசரி உடம்பும் அன்னியம்தான். 2014இல் வந்த லாமிலி பொம்மை அமெரிக்க அரசின் உடல் அளவுக் கணக்கை வைத்து 19 வயதுக்குச் செய்தது. 2012இல் வந்த லாட்டி ஒன்பது வயதுப் பிள்ளை உடம்பு, 18 செ.மீ. உயரம், தட்டைப் பாதம், தானாக நிற்கும். 4–8 வயதுக்கு என் ஓட்டு இரண்டாவது வகைக்கு.

துணியில் தைக்க, ஆறு வயதுப் பிள்ளையை 115 செ.மீ. உயரம் என்று எடுத்து 40 செ.மீ.க்குச் சுருக்கிய அளவுகள் இவை. எல்லாம் செ.மீ.: தலை உயரம் 6.7, தலைச் சுற்று 17.7, கழுத்து 9, மார்பு 20, இடுப்பு 18, பிட்டம் 20.5, தொடை 11.5, கணுக்கால் 6, கவட்டிலிருந்து பாதம் வரை 18, தோளிலிருந்து விரல் நுனி வரை 17. சரிபார்க்க ஒரு குறுக்குவழி: இந்த வயதில் தலைச் சுற்றும் இடுப்புச் சுற்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடுப்பு தலையைவிட ரொம்பச் சின்னதாக வந்தால் எங்கோ பெரியவர் உடம்பை வரைந்துவிட்டீர்கள்.

வெட்டும்போது தவறுவது இங்கேதான். முன்னும் பின்னுமாக இரண்டு தட்டைத் துண்டு தைத்தால் சுற்றளவு அகலத்தைப் போல இரண்டு மடங்கு. 18 செ.மீ. இடுப்புக்கு அகலம் 9. இரு பக்கமும் 6 மி.மீ. தையல் விளிம்பு சேர்த்து 10.2. பஞ்சு அடைத்ததும் அது உருண்டையாகி, முன்னாலிருந்து பார்க்க 5.7 செ.மீ. அகலம்தான் தெரியும். "சரியாகத்தானே வெட்டினேன், ஏன் உருளைக் கட்டை மாதிரி இருக்கிறது?" என்பதற்கு விடை இதுதான். நிஜ உடம்பு முட்டை வடிவம். விலாவில் இரு பக்கமும் 2.5 செ.மீ. பட்டை கொடுத்து, முன்னும் பின்னும் அதே அளவு குறையுங்கள்.

மணிக்கட்டு கணக்குப்படி 4.2 வரும். அவ்வளவு ஒடுக்கமான குழாயை உள்வெளியாகத் திருப்புவதற்குள் தையல் பிரிந்துவிடும், 5 வையுங்கள். விரல்களைத் தனித்தனியாக வெட்ட வேண்டாம், கையுறை மாதிரி விட்டு மேலே இழைத்தையல் போட்டால் போதும். முகத்தில் கண் தைக்க இடம் போதவில்லை என்று தலையை 8 செ.மீ. ஆக்கினால் பொம்மை ஐந்து தலை உயரமாகி மூன்று வயது போல இருக்கும். கண்ணைச் சின்னதாகத் தையுங்கள், தலையைப் பெரிதாக்காதீர்கள்.

மெஷின் தையல் நீளம் 1.5 முதல் 2 மி.மீ. வரை. கவட்டிலும் அக்குளிலும் இரட்டை வரி. வளைவுகளில் 5 மி.மீ.க்கு ஒரு வெட்டு, தையலுக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். பஞ்சு ஒரு பொம்மைக்கு 100 முதல் 150 கிராம். ஃபைபர் பஞ்சுதான் சரி. இலவம் பஞ்சு துவைத்தால் கட்டி தட்டும். கழுத்து துவண்டு தலை தொங்குவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. கழுத்தை 2 செ.மீ. கூடுதல் நீளமாக வெட்டி, கல் மாதிரி அடைத்து, தலைக்குள் செருகி, சுற்றிலும் மறைதையல் இரண்டு சுற்று போடுங்கள். குச்சி வைக்காதீர்கள், துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கண்ணுக்குப் பட்டன் வேண்டாம், நூல்தான்.

ஊஞ்சல்பலகை:

குடைவெட்டுப் பாவாடை யோசனைக்கு நன்றி. 12இல் சிலதைப் பூசினாற்போல, சிலதை ஒல்லியாக வைத்தால் உடை மாற்றிப் போட முடியுமா? கடைப் பொம்மைகளில் ஒன்றின் உடை இன்னொன்றுக்கு ஏறுவதில்லை.

நூல்கண்டு:

முடியும். தோள், கழுத்து, கை, உயரம் நான்கையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வையுங்கள். மாற்றுவது இடுப்பும் பிட்டமும் தொடையும் மட்டும்: ஒல்லிக்கு இடுப்பு 16.5, நடுத்தரத்துக்கு 18, பூசினாற்போன்றதற்கு 21. சட்டையைப் பெரிய அளவுக்கு வெட்டி முதுகுப்பக்கம் முழுக்கத் திறப்பு விட்டு, 2 செ.மீ. மேலேறும்படி வெல்க்ரோ தையுங்கள். தலைவழியாக மாட்டும் சட்டை வேண்டாம்; கழுத்து 9, தலை 17.7, போகாது. பாவாடைக்குச் சுற்றிக் கட்டும் நாடா வகை மூன்றுக்கும் பொருந்தும், 4 வயதுக் கையும் கட்டப் பழகும். இந்த அளவுப் பொம்மையில் துணிக் கனம் பெரிய விஷயமில்லை, 18 செ.மீ. இடுப்பில் 1.25 கூடினால் ஏழு சதவீதம்தான்.

தலையாட்டி:

பேச்செல்லாம் பெண் பொம்மையைச் சுற்றியே போகிறது. 1999இல் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மைகளை நிஜ ஆள் உயரத்துக்குப் பெருக்கிப் பார்த்தார்கள்: 1964 பொம்மையின் புஜச் சுற்று 12 இன்ச், 1990களின் ஒரு வகையில் கிட்டத்தட்ட 27. தைக்கும் 12இல் பாதியாவது பையன்கள் இருக்கட்டும். ஆறு வயதில் இருவருக்கும் உடம்பு அளவு ஏறக்குறைய ஒன்றுதான், அதே அச்சு போதும்.

நம் மரப்பாச்சிக்கு ஏன் இந்த வழக்கு வரவில்லை என்று யோசித்ததுண்டா? மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்கே மெலிந்தால் ஒடியும். ஆகவே கை உடம்போடு ஒட்டி, இடுப்பு திடமாக இருக்கும். அறத்தால் வந்ததல்ல, உளியால் வந்தது.

அடுத்தது நிறம். ஜவுளிக்கடையில் "ஸ்கின் கலர்" என்று கேட்டால் வெளிர் பீச் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். ரவிக்கைத் துணிப் பிரிவில் 2x2 என்ற துணிவகையில் காப்பித்தூள் நிறம், வெல்ல நிறம், கருப்பட்டி நிறம் என்று காட்டிக் கேளுங்கள். வெட்டுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம், பிள்ளைகள் பொம்மையின் கையை வாயில் வைப்பார்கள். விற்பதாக இருந்தால் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு.