சுழற்சி முறை: வீட்டில் இருந்த பாதி வகுப்புக்கு என்ன செய்தீர்கள்?

வணக்கம் ஆசிரியர்களே. பினாங்கு, பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளிகளை 2021 அக்டோபரில் தொடங்கிக் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். என் மாணவர்கள் நவம்பரில் வந்தார்கள். 28 பேர், இரண்டு குழு. ஒரு குழு பள்ளியில், மற்றது வீட்டில், வாரத்துக்கு வாரம் மாறியது. வீட்டு வாரத்தில் படிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் திரும்பி வந்ததும் அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். பின்னம் முடியவே இல்லை.

கைப்பேசியை வகுப்பில் நிறுத்தி கூகுள் மீட்டில் நேரலை விட்டுப் பார்த்தேன். முகக்கவசத்தோடு பேசுவது வீட்டில் சரியாகக் கேட்கவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் வெண்பலகையும் தெரியவில்லை. பாடத்தைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் போட்டால், பிரீபெய்ட் டேட்டா தீர்ந்துவிடுகிறது என்றார்கள். பயிற்சித்தாள் அச்சடித்துக் காவலர் சாவடியில் வைத்தேன். பெற்றோர் எடுத்துப் போனார்கள், ஆனால் புரியாத இடத்தில் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. பலர் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தொழிற்சாலைக்கு அப்பாவோடு போய்விடும். ஒரு பையன் இரவு பதினொன்றுக்கு மேல்தான் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பினான். பின்னங்களின் கீழே உள்ள பகுதியெண்களையும் சேர்த்துக் கூட்டி வைத்திருந்தான். நல்ல உழைப்பாளி, பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பேன். அதுதான் மனதை வருத்துகிறது.

சுழற்சி முறையில் கணிதம் எடுத்தவர்களே, வீட்டு வாரத்துக்குப் புதுப் பாடம் தந்தீர்களா, அல்லது பள்ளியில் நடத்தியதற்கான பயிற்சி மட்டும் தந்தீர்களா?