ரோட்டோரக் கீரையும் புளியும் பறித்தால் சட்டச் சிக்கல் வருமா?

கீரைக்கூடை:
வணக்கம். பல்லடம் – உடுமலை ரோட்டோரம் மழைக்குப் பிறகு முடக்கத்தான், மூக்கிரட்டை, பண்ணைக்கீரை, கோவைத்தழை எல்லாம் தாராளமாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வாரம் ஒரு பை பறிக்கலாமா? புறம்போக்கில் முளைத்ததை யாரும் கேட்கமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை நிலத்தில் கை வைத்தால் திருட்டுக் கேஸ் என்று வேறு சிலர். கீழே உதிர்ந்து கிடக்கும் புளியைப் பொறுக்குவதும் இதே கணக்குதானா? மீதியைச் சந்தையில் விற்றால்?

காணிநிலம்:
புறம்போக்கு ஆளில்லாத நிலம் இல்லை. 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-வது பிரிவே பொதுச் சாலைகள் அரசின் சொத்து என்கிறது. அதில் முளைத்ததும் அரசுடையதுதான்.

திருட்டு எப்போது வரும் என்றால், பாரதிய நியாய சன்ஹிதா (2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசிக்குப் பதில் வந்தது) 303-வது பிரிவைப் பாருங்கள். அசையும் பொருளை எடுத்தால்தான் திருட்டு. வேரோடு நிற்கும் வரை செடி அசையும் பொருள் இல்லை. கிள்ளி எடுத்த கணத்தில் அசையும் பொருளாகிவிடும். அதனால் ஏட்டளவில் ஒரு பிடி கீரையைக்கூட இதற்குள் இழுக்கலாம். ஆனால் நேர்மையற்ற நோக்கம் இருந்ததைக் காட்டவேண்டும். கூடவே 33-வது பிரிவு இருக்கிறது: சாதாரண அறிவுள்ள யாரும் புகார் சொல்லாத அளவு சிறிய தீங்கு குற்றமாகாது. தானாக முளைத்த களைக்கீரை ஒரு பை, பொங்கல் காப்புக்கட்டுக்கு ஒரு கை ஆவாரம்பூ இதெல்லாம் இதில் அடங்கும் என்பது என் கருத்து. ஆவாரம்பூவையே வேன் வைத்து அள்ளினால் அந்தப் பிரிவு துணைக்கு வராது.

புளி கதை வேறு. ரோட்டோரப் புளியமரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் ஏலம் விடுகின்றன. ஏலம் எடுத்தவர் பணம் கட்டியிருக்கிறார். உதிர்ந்து கிடப்பதும் அவருடையதே. தை முதல் சித்திரை வரை அவர் ஆட்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், தகராறு அங்கேதான் வரும். மரத்தில் பெயின்ட்டில் எண் எழுதியிருந்தால் அது துறையின் கணக்கில் உள்ள மரம். யார் பெயரில் ஏலம் என்பதை நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம். கிராமச் சாலை என்றால் ஊராட்சி அலுவலகம். நாவல் மரத்துக்கும் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. பழத்துக்காகக் கிளையை ஒடிப்பதை யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

விற்பனைக்கு வந்தால் 33-ஐ மறந்துவிடுங்கள். உணவாக விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வேண்டும்.

வேலியோரம்:
காணிநிலம் சொன்னதோடு ஒன்று. தார் முடிகிற இடம் சாலையின் எல்லை இல்லை. எல்லைக்கல்லைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். நம் பக்கம் கோவையும் முடக்கத்தானும் பெரும்பாலும் கிளுவை வேலி மேல்தான் படர்ந்திருக்கும். வேர் ரோட்டுப் பக்கம் இருந்தாலும் வேலி பட்டாக்காரருடையது. கொடியை இழுத்தால் கிளுவை முறியும், ஆடு உள்ளே போகும், சண்டை வரும். "அக்கா, வேலியில கொஞ்சம் முடக்கத்தான் பறிச்சுக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்பவர் அரிது.

பிஏபி (பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரை நீர்வளத் துறையுடையது. கரையில் வேரோடு பிடுங்காதீர்கள், மண் இளகும். நுனி கிள்ளினால் போதும், அதுதான் இளசும்கூட.

மூலிகைத்தடம்:
சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கீரை வயிற்றுக்குள் போவதுதான்.

முதலில் களைக்கொல்லி. கிளைபோசேட் அடித்த செடி உடனே காயாது. மஞ்சளாக ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை பச்சையாகத்தான் நிற்கும். பக்கத்தில் வரிசையாகப் புல் வெளுத்திருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

அடுத்து ஈயம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது, ஆனால் மண்ணில் இறங்கிய ஈயம் போகாது. டயர் தேய்மானத் தூசியும் சேரும். கழுவினால் இலை மேல் உள்ள தூசி போகும், வேர் வழியாக ஏறியது போகாது. வண்டி ஓயாத சாலையில் தார் விளிம்பை ஒட்டிப் பறிக்கவே வேண்டாம். இட்டேரி (இரு பக்கமும் வேலியுள்ள மண் தடம்), வண்டி குறைந்த ஊராட்சி ரோடு போதும். மூக்கிரட்டை தரையோடு படர்வதால் புழுதி, நாய் மூத்திரம் எல்லாம் அதன் மேல்தான். மூன்று நான்கு தண்ணீர் அலசி, வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

கோவைக்கொடியில் ஆள் மாறாட்டம் உண்டு. ஐவிரலிக்கோவையின் பழம் நஞ்சு. கோவைக்காய் பச்சையில் வெள்ளை வரி போட்டிருக்கும், பழுத்தால் முழுச் சிவப்பு. ஐவிரலி பழுத்துச் சிவந்த பிறகும் வெள்ளை வரி நிற்கும். காய் இல்லாத காலத்தில் பற்றுக்கம்பியை (கொடி பிடித்து ஏறும் சுருள்) பாருங்கள்: கோவையில் ஒற்றை, ஐவிரலியில் இரண்டாகப் பிரியும். இலையும் விரல் விரித்த மாதிரி ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

முடக்கத்தானில் சந்தேகம் வந்தால் மூன்று பட்டைக் காற்றுப்பையை உடையுங்கள். கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி தெரியும். நான்குவழிச் சாலை நடுத்திட்டில் அரளி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறிய கொடியைத் தொடாதீர்கள். அரளி இலை ஒன்று கீரையோடு கலந்தாலும் ஆபத்து.

கீரைக்கூடை:
நன்றி. உடுமலை – மூணாறு ரோட்டில் நெல்லிக்காய் கீழே கிடப்பதைப் பார்க்கிறோமே? ரயில் பாதை ஓரம்?

காணிநிலம்:
இரண்டும் வேண்டாம். ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். ரோட்டோரமும் காடுதான், 1972 வனஉயிரினச் சட்டம் 29-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் வனப்பொருள் எடுக்கக்கூடாது. 2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை அங்கே தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களுக்குத் தந்திருக்கிறது, வழிப்போக்கருக்கு இல்லை. நெல்லி வேண்டுமென்றால் அவர்களிடம் விலைக்கு வாங்குங்கள்.

ரயில்வே நிலத்தில் அத்துமீறி நுழைவதே 1989 ரயில்வே சட்டம் 147-ன் கீழ் குற்றம்: 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டவாள ஓரத்துக் களைக்கும் மருந்து அடிப்பார்கள்.