தட்டேக்காடு போகிறோம், தவளைவாயன் கண்ணில் படுமா?

பள்ளிக்கரணைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பறவை பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வீடு வேளச்சேரியில் என்பதால் பள்ளிக்கரணை, சீசனில் ஒருமுறை வேடந்தாங்கல், இவ்வளவுதான் என் உலகம். வரும் பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு கேரளாவில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்கு 66 வயது, முட்டி கொஞ்சம் தகராறு செய்யும், ஆனால் காலை நாலு மணிக்கு எழுப்பினாலும் முகம் கோணாமல் கிளம்பிவிடுவார்.

இரண்டு முழு நாள் போதுமா? என்னிடம் 8x42 பைனாகுலரும் 70-300 லென்ஸும் இருக்கின்றன, அது போதுமா? அட்டை கடிக்குமா? முக்கியமாக, தவளைவாயனும் தீக்காக்கையும் கண்ணில் படுமா? போன வருடம் ஒரு மலைக்காட்டில் மூன்று மணி நேரம் நடந்து மொத்தம் நாலு பறவை பார்த்தேன், அதில் இரண்டு காக்கா. அதே கதை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கூகை:
அந்த நாலு பறவைக் கதையிலேயே விஷயம் இருக்கிறது தம்பி. பள்ளிக்கரணையில் பூநாரை கூட்டமாக நிற்கும், நீங்கள் பைனாகுலரைத் தூக்கினால் போதும். காட்டில் அந்த வேலை ஆகாது. இலைக்குப் பின்னால் இருப்பதைக் காதுதான் முதலில் பிடிக்கும், கண் அப்புறம் போய்ச் சேரும். நீங்கள் அன்றைக்கு நடந்துகொண்டே இருந்திருப்பீர்கள், சருகு சத்தத்தில் எல்லாம் நகர்ந்திருக்கும்.

தட்டேக்காட்டில் இருபது நிமிடம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று ஒரு கலப்புக் கூட்டம் வரும், சிலம்பன், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று பத்து வகை சேர்ந்து மரத்துக்கு மரம் தாவி இரை தேடிக்கொண்டே உங்களைக் கடந்து போய்விடும், எல்லாம் ஐந்து நிமிடம். தீக்காக்கையும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில்தான் இருக்கும். ஆண் பறவைக்கு வயிறு செக்கச்செவேல், ஆனால் அது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் உட்காரும், முதுகு வெறும் பழுப்பு. பக்கத்தில் இருந்தும் கோட்டைவிட்டவர்கள் ஏராளம் (அதில் நானும் உண்டு, இரண்டு முறை).

அப்புறம், குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும் மெர்லின் ஆப் போனில் வைத்திருப்பீர்கள். அது கழுகு, வல்லூறு என்று காட்டினால் உடனே வானத்தைப் பார்க்காதீர்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை எல்லாம் அப்படியே எடுத்துவிடும். ஆப் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோட்டூர்புரம் மரப்பூங்காவிலோ நன்மங்கலம் காட்டோரத்திலோ விடிகாலையில் ஒரு மணி நேரம், பைனாகுலரைத் தொடாமல் வெறுமனே கேளுங்கள். குக்குறுவான் எது, தையல்சிட்டு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்துவிட்டால் போதும். ஆறுமணிக் குருவியின் குரலையும் பழகிக்கொள்ளுங்கள். அக்டோபரில் வலசை வரும்போது நம் ஊர்த் தோட்டங்களில்கூட இறங்குகிற பறவைதான், தட்டேக்காட்டில் குளிர்காலம் முழுக்க இருக்கும், பேருக்கு ஏற்றபடி விடியும்போதும் இருட்டும்போதும் கூவும்.

இரண்டு நாள் போதும். சரணாலயம் மொத்தமே 25 சதுர கிலோமீட்டர்தான். பறவையியலாளர் சாலிம் அலி 1933ல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதியில் கணக்கெடுப்பு நடத்தியபோது வியந்து எழுதிய இடம், 1983ல் சரணாலயமாக அறிவித்து அவர் பேரையே வைத்தார்கள்.

அடையாறு அக்கா:
நாங்கள் போன வருடம் பிப்ரவரியில் போனோம், அதனால் பயண விஷயத்தை மட்டும் சொல்கிறேன். சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறி ஆலுவாவில் இறங்கிவிடுங்கள், எர்ணாகுளம் வரை போனால் வீண் சுற்று. ஆலுவாவில் இருந்து பெரும்பாவூர் வழியாகக் கோதமங்கலம் பஸ், அங்கிருந்து 13 கிலோமீட்டர்தான், அப்பாவோடு போவதால் ஆட்டோ பிடித்துவிடுங்கள். பொங்கல் சமயம் என்கிறீர்கள், டிக்கெட் எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் பறவைக் கவலையை அப்புறம் படலாம்.

அப்பாவுக்குப் பிரச்சினை இருக்காது, இது மலையேற்றம் இல்லை, பெரியாறு ஓரத்துத் தாழ்வான காடு, பாதை பெரும்பாலும் சமதரை. மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நிற்பதுதான் முட்டிக்கு ஆகாது. ஜனவரியில் அட்டை குறைவு, மழைக்காலம் என்றால் காலெல்லாம் ஏறியிருக்கும். முழங்கால் வரை வரும் துணி உறையும் ஒரு பொட்டலம் உப்பும் இருந்தால் தைரியமாகப் போகலாம்.

என் வீட்டுக்காரர் பளீரென்ற வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார், கைடு ஒன்றுமே சொல்லாமல் தன் பையில் இருந்து ஒரு பழைய காக்கிச் சட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு நாளும் அதே சட்டைதான். பச்சை, பழுப்பு தவிர வேறு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடம், கைடு இல்லாமல் உள்ளே இறங்கவே வேண்டாம்.

ஓரத்தில்_நிற்பவன்:
லென்ஸைப் பற்றி: காட்டுக்குள் வெளிச்சம் கம்மி, 300ல் முக்கால்வாசி இருட்டாகவும் கலங்கியும்தான் வரும். பைனாகுலரில் பாருங்கள், படம் கிடைத்தால் லாபம்.

நான் சொல்ல வந்தது வேறு. தவளைவாயன் பகலில் அசையாமல் தூங்குகிற பறவை, ஜோடியாகத் தாழ்வான கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், உள்ளூர் கைடுகளுக்கு எந்தப் புதர் என்று தெரியும், அதனால் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் அதற்குத்தான். ஒரே காலையில் நாலு கும்பல் வந்து ஆளுக்கு ஐம்பது படம், அதில் ஃபிளாஷ் வேறு. ஜனவரியில் சில ஜோடிகள் கூடு கட்ட ஆரம்பித்திருக்கும், இடுவது ஒரே ஒரு முட்டை, பகல் முழுக்க ஆண்தான் அடைகாக்கும், அதை எழுப்பிப் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பறவை அலகை மேலே தூக்கி ஒடிந்த கிளை மாதிரி பாவனை செய்தால் அழகாக இருக்கிறது என்று கிட்டே போகாதீர்கள், பயந்திருக்கிறது என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஸ்பீக்கரில் குரல் போட்டுப் பறவையை வரவழைக்கிற வழக்கமும் உண்டு. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூகை:
ஸ்பீக்கர் விஷயத்தில் முழு சம்மதம். ஆனால் கைடுகளை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை சார், "காசு கொடுத்தேன், காட்டு" என்று நிற்பது நம் ஊர் ஆட்கள்தான்.

பள்ளிக்கரணைக்காரன்:
போய் வந்தாச்சு, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மொத்தம் 71 வகை. தவளைவாயன் பார்த்தோம். கைடு விரலை நீட்டி இரண்டு நிமிடம் காட்டியும் எனக்கு இரண்டு காய்ந்த இலைதான் தெரிந்தது, அப்புறம் ஒரு இலைக்குக் கண் இருப்பது தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஆண், செம்பழுப்பில் பெண். தள்ளி நின்று நாலு படம் எடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் அப்பா, "நீ போ, நான் இங்கேயே உட்கார்கிறேன்" என்று கைடின் தம்பியோடு பாதை ஓரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். நானும் கைடும் தீக்காக்கையின் குரலைத் துரத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அலைந்தோம், கிடைக்கவில்லை. திரும்பி வந்தால் அப்பா மெதுவாகச் சொல்கிறார், "ஏதோ கூட்டமா வந்துச்சுடா. ஒண்ணுக்கு வால்ல ரெண்டு கரண்டி தொங்குது. இன்னொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துச்சு, திரும்பினதும் பார்த்தா வயிறு குங்குமம்." பைனாகுலர் என் கழுத்தில் இருந்தது, அவர் வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஊருக்கு வந்ததில் இருந்து மார்ச்சில் ஆலுவாவுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இந்தத் தடவை நீ ஸ்டூல்ல உட்காரு" என்கிறார் அப்பா.