ஷூ மாற்றியதிலிருந்து குதிகால் வலி, ஓடலாமா?

கே.ஆர்.பி. அணைப் பையன்:
போலீஸ் செலக்‌ஷனுக்காக மூன்று மாதமாக விடிகாலையில் அணை ரோட்டில் ஓடுகிறேன் அண்ணா. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கணும், 6:40 வரை வந்துவிட்டேன். கூட ஓடுகிறவன் வெயிட் இல்லாத ஷூ போட்டால் இன்னும் குறையும் என்றான், அடி மெலிசான ஒன்றை வாங்கி மறுநாளே முழு தூரமும் அதிலேயே ஓடினேன். இப்போது இரண்டு வாரமாகக் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் வலது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி, பத்தடி நடந்தால் குறைகிறது. ஷூதான் காரணமா?

பென்னாகரம் ஓட்டக்காரன்:
தம்பி, எனக்கும் இதே வலி வந்தது, ஐந்து மாதம் படுத்தியது. நீ சொல்வதைப் பார்த்தால் பிளாண்டார் ஃபேஷியைடிஸ் மாதிரி இருக்கிறது, அதாவது குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் போகிற பட்டையான நார் புண்படுவது. சாதாரண ரன்னிங் ஷூவில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8, 10 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும், மெலிசு ஷூவில் அது போய்விடுவதால் கெண்டைக்கால் சதையும் அதைக் குதிகாலோடு சேர்க்கிற தசைநாணும் கூடுதலாக இழுபடும். ஷூ கெட்டதில்லை, ஒரே நாளில் மாறியதுதான் தப்பு. பழைய ஷூவுக்கே போ, தூரத்தைப் பாதியாகக் குறை. வீட்டில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, செருப்பு போடு. சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்துவிடு, தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உள்ளங்காலுக்கு அடியில் உருட்டு.

தருமபுரி அக்கா:
பழைய ஷூ எத்தனை நாள் ஓடியது என்றும் பாருப்பா. 500லிருந்து 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் செத்துவிடும், மேலே புதிதாகத் தெரிந்தாலும். புதிது வாங்கினால் சாயங்காலம் போ, அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பார்த்து, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடு. பாத வளைவைப் பார்த்து ஷூ எடுத்தால் காயமே வராது என்று கடையில் சொன்னால் நம்பாதே. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. காலுக்குச் சுகமாக இருக்கிறதா என்று மட்டும் பார். அப்புறம் ஒன்று, எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பார், கீறல் விழுந்திருக்கலாம்.

கே.ஆர்.பி. அணைப் பையன்:
எலும்பில் தொட்டுப் பார்த்தேன் அக்கா, அப்படி வலிக்கவில்லை, குதிகாலுக்கு அடியில் உள்பக்கம்தான். பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தால் வலது குதிகாலில் வெளி ஓரம் தேய்ந்து உள்ளே இருக்கிற வெள்ளை ஸ்பான்ஜ் தெரிகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போகிறேன்.