போன் படங்களை லேப்டாப்பில் ஏற்றணும். எடுத்த தேதியும் இடமும் அழியக் கூடாது

செங்கம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். விடுமுறை நாட்களில் சுற்றுவட்டார நடுகற்களைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறேன். பிள்ளைகள் சிலரும் கூட வருவார்கள். ஏரிக்கரையில், வேப்பமரத்தடியில், கரும்புத் தோட்டத்து வரப்பில் என்று எங்கெங்கோ நிற்கிற கற்கள். சிலவற்றை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். சில, பாதி மண்ணுக்குள் போய்விட்டன.

இப்போது போன் நிரம்பிவிட்டது. மூவாயிரத்துக்கு மேல் படம் இருக்கும். ஆண்ட்ராய்டு 13 போன், விண்டோஸ் 10 லேப்டாப். கேபிளை மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது, அதோடு சரி. 'திஸ் பிசி'யில் போன் பெயரே வருவதில்லை.

கூட வேலை பார்க்கும் சார் ஒருவர், படங்களை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி, லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கிக்கொள்ளச் சொன்னார். சிலவற்றை அப்படி இறக்கிப் பார்த்தேன். போனில் பெரிதாக்கினால் வட்டெழுத்தின் வளைவு தெளிவாகத் தெரிகிற கல், லேப்டாப்பில் பெரிதாக்கினால் எழுத்து எது, கல்லின் பொரிவு எது என்று பிரிக்க முடியவில்லை. எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் காணோம். கேமராவில் லொகேஷனை ஆன் செய்துதான் எடுத்தேன். ஒரே ஊரில் மூன்று கல், மூன்றிலும் வில்லேந்திய வீரன் என்றால், எந்தக் கல் எங்கே நிற்கிறது என்பதற்கு எனக்கு அந்த விவரம்தான் ஆதாரம்.

படம் சுருங்காமல், தேதியும் இடமும் போகாமல் எப்படி எடுப்பது? யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

கோவை ஹாஸ்டல்வாசி:

மேடம், மொதல்ல கேபிள மாத்திப் பாருங்க. பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சனை. இல்லைன்னா கேபிளே வேண்டாம். லோக்கல்சென்ட்னு ஒரு இலவச ஆப் இருக்கு. போன், லேப்டாப் ரெண்டுலயும் போட்டு, ஒரே வைஃபைல சேத்துட்டு அனுப்புங்க. படம் சுருங்காது. ஹாஸ்டல்ல நாங்க எல்லாரும் அதுலதான் அனுப்பிக்கறோம்.

திருமங்கலம் ஸ்டூடியோ:

டீச்சர், வணக்கம். மதுரைக்குப் பக்கத்துல ஸ்டூடியோ வச்சிருக்கேன். பிலிம் ரோல் கழுவுன காலத்துல இருந்து இதே தொழில். நீங்க கேட்ட ரெண்டு விஷயமுமே எனக்கு மனசுக்கு நெருக்கமானது. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கேபிள் பத்தித் தம்பி சொன்னது சரி. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள்ள நாலு கம்பி ஓடும். ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. டார்ச், டிரிம்மர், சின்ன ஃபேன் இதுகளோட வர்ற கேபிள் பலதுல கரண்டுக்கான ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும். அதை மாட்டுனா சார்ஜ் நல்லாவே ஏறும், ஆனா லேப்டாப்புக்குப் போன் வந்ததே தெரியாது. வெளிய பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. போன் டப்பாவுல வந்த கேபிள் இருந்தா அதையே எடுங்க. புதுசா வாங்குனா கடையில 'டேட்டா கேபிள்'னு கேட்டு, அங்கேயே ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்க.

நீங்க வயக்காடு, ஏரிக்கரைன்னு போறவங்க. போன்ல கேபிள் மாட்டுற ஓட்டைக்குள்ள மண்ணும் பஞ்சும் அடைஞ்சிருக்கும். போனை ஆஃப் பண்ணிட்டு, டார்ச் அடிச்சுப் பாத்து, மரத்துல செஞ்ச பல்குச்சியால மெதுவா எடுங்க. ஊசி, குண்டூசி வேண்டாம். கேபிள் மாட்டுனா டக்குன்னு உக்காரணும். ஆடுச்சுன்னா பாதிக் காப்பியில அறுந்துரும்.

அடுத்தது போனுக்குள்ள. ஆண்ட்ராய்டு போன் இப்பல்லாம் கேபிள் மாட்டுனதும் தானா 'சார்ஜ் மட்டும்'னுதான் நிக்கும். யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல நம்ம போனை மாட்டுனா உள்ள இருக்கிறது வெளிய போகக் கூடாதுங்கிற பாதுகாப்பு அது. அதனால மாட்டுனதும் போனோட லாக்கைத் திறங்க. மேலருந்து கீழ இழுத்தா 'யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது'ங்கிற மாதிரி ஒரு அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டு 'பைல் டிரான்ஸ்பர்'னு மாத்துங்க. உடனே லேப்டாப்புல போன் பேர் வந்துரும். பேர் வந்து, உள்ள காலியா இருந்தா, போன் லாக் ஆயிருக்குன்னு அர்த்தம், திறந்து விடுங்க.

இதெல்லாம் செஞ்சும் வரலைன்னா, லேப்டாப்புல வேற யூஎஸ்பி ஓட்டையில மாட்டிப் பாருங்க. நடுவுல ஹப் இருந்தா அதைக் கழட்டிருங்க. அப்பவும் இல்லைன்னா டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் எதுலயாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, டிரைவர், அதாவது போனை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டுற சாப்ட்வேர், அந்த விஷயத்தை அப்புறம் பேசுவோம்.

போன் தெரிஞ்சதும் 'இன்டர்னல் ஸ்டோரேஜ்', அதுக்குள்ள 'டிசிஐஎம்', அதுக்குள்ள 'கேமரா'. நீங்க எடுத்த படம் எல்லாம் அங்கதான். பிள்ளைக எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புன படம் அங்க இருக்காது. அது 'ஆண்ட்ராய்டு', 'மீடியா', 'காம்.வாட்ஸ்அப்', 'வாட்ஸ்அப்', 'மீடியா', 'வாட்ஸ்அப் இமேஜஸ்'னு அடுக்கடுக்கா உள்ள கிடக்கும். அந்தப் படங்களோட பேர்ல 'டபிள்யூஏ'ன்னு ரெண்டு எழுத்து வரும். அப்படி வந்தா அது சுருங்குன படம், பேர்ல இருக்கிறதும் எடுத்த தேதி இல்லை. அந்தக் கல்லுக்கு அசல் வேணும்னா எடுத்த பிள்ளையோட போன்லருந்துதான் எடுக்கணும். அவங்க அழிக்கிறதுக்கு முந்தியே கேட்டு வாங்கிருங்க.

இப்ப முக்கியமான இடம். பழைய போனை மாட்டுனா பென்டிரைவ் மாதிரி தனி டிரைவ் எழுத்தோட வந்து நிக்கும். குடோன் சாவியவே கம்ப்யூட்டர் கையில குடுத்த கணக்கு. இப்ப உள்ள ஆண்ட்ராய்டு 'எம்டிபி'ங்கிற முறையில பேசுது. இது ரேஷன் கடை மாதிரி. கம்ப்யூட்டர் வரிசையில நின்னு கேக்கணும், போன் ஒவ்வொரு பைலா உள்ள போயி எடுத்துக் குடுக்கும். அதனாலதான் மூவாயிரம் படத்தை மொத்தமா இழுத்துப் போட்டா பச்சைக்கோடு நகராம நின்னுரும், சில சமயம் நடுவுலயே கழண்டுக்கும். இருநூறு, முந்நூறா எடுங்க. கேமரா எடுத்த பைல் பேர்லயே வருஷம், மாசம், நாள், மணி எல்லாம் வரிசையா இருக்கும் பல போன்ல. பேர்வாரியா அடுக்குனா ஒரு நாள் எடுத்ததெல்லாம் ஒண்ணா வந்துரும். அந்த அந்த நாளுக்கு லேப்டாப்புல ஒரு போல்டர் போட்டு, ஊர்ப் பேரையும் சேத்து எழுதிக்கங்க.

'கட்' பண்ணாதீங்க டீச்சர், 'காப்பி' மட்டும். கட் பண்ணி நடுவுல கேபிள் அசைஞ்சா, படம் இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாமப் போற ஆபத்து உண்டு. போன்ல இருந்தபடியே படத்தைத் திறந்து பாக்குறதும், திருப்புறதும் வேண்டாம். முதல்ல காப்பி, மத்த வேலையெல்லாம் அப்புறம்.

காப்பி முடிஞ்சதும் ஒரு படத்து மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் பாருங்க. 'டேட் டேக்கன்'னு எடுத்த நாளும் நேரமும் இருக்கும். கீழ இறங்குனா ஜிபிஎஸ்ங்கிற தலைப்புல அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். இது ரெண்டும் படத்துக்குள்ளயே எழுதப்பட்டது. கேபிள்ல வந்தா கூடவே வரும். வெளிய தெரியுற பைல் தேதி காப்பி பண்ண தேதியா மாறியிருக்கலாம், அதைப் பாத்துக் கலங்க வேண்டாம். வாட்ஸ்அப்புல படமா அனுப்புனா உள்ள எழுதுனதையும் எடுத்துரும், படத்தையும் சுருக்கிரும். நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு வந்து நிக்கும் பெரும்பாலும். 12 இஞ்ச் அகலத்துக்குத் துல்லியமா பிரிண்ட் போட எனக்கு 3600 பிக்சல் வேணும். பிக்சல் குறையுறதோட போகாது. ஜேபெக்ங்கிற பட வடிவத்துல அழுத்திச் சுருக்கும்போது மொதல்ல போறதே மெல்லிசான நிற வித்தியாசந்தான். தேஞ்சுபோன கல்லெழுத்துங்கிறது அந்த மெல்லிசான நிழல்தானே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க கடைக்கு வாரம் தவறாம யாராவது வர்றாங்க. வீட்டுல பெரியவங்க தவறிப்போயிருப்பாங்க. கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் பதினாறாம் நாள் படத்துக்கும் முகம் வேணும்னு போனை நீட்டுவாங்க. இருக்கிறது வாட்ஸ்அப்புல அஞ்சாறு கை மாறி வந்த ஒரே படம். கண்ணு ரெண்டும் கரைஞ்சிருக்கும். அசல் யார் போன்லயோ இருந்துச்சு, நிரம்பிருச்சுன்னு அழிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. எங்ககிட்ட என்ன சாப்ட்வேர் இருந்தாலும் இல்லாத கண்ணை வரையலாம், இருந்த கண்ணைக் கொண்டுவர முடியாது. உங்க கல்லும் அப்படித்தான். ரோடு அகலப்படுத்தும்போது நாளைக்கு அது நகந்துட்டா, உங்க படந்தான் மிச்சம்.

தம்பி சொன்ன லோக்கல்சென்ட்டும் நல்ல வழிதான், படத்தைச் சுருக்காது. ஆனா ஆண்ட்ராய்டு 10ல இருந்து, ஒரு ஆப்புக்குத் தனியா அனுமதி இல்லைன்னா படத்துல உள்ள இட விவரத்தை மறைச்சுக் குடுக்குற ஏற்பாடு வந்துருச்சு. அதனால எந்த ஆப்புல அனுப்புனாலும் முதல்ல ஒரே ஒரு படம் அனுப்பி, ஜிபிஎஸ் தலைப்பு வந்திருக்கான்னு பாத்துட்டு மத்ததை அனுப்புங்க. உங்களுக்கு இடந்தான் முக்கியங்கிறதால நான் கேபிளைத்தான் சொல்லுவேன்.

கோவை ஹாஸ்டல்வாசி:

அண்ணா, அந்த லொகேஷன் விஷயம் எனக்குத் தெரியாது. இப்பத்தான் என் போன்ல ஒரு படத்த அனுப்பிப் பாத்தேன். நான் ஆப்புக்குள்ள கேலரில இருந்து எடுத்து அனுப்பினதுல ஜிபிஎஸ் வரல. மேடம், நீங்க கேபிள்லயே எடுத்துக்கங்க.

செங்கம் டீச்சர்:

அண்ணா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கேபிள்தான் காரணம். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் போன் டப்பாவோடு வந்த கேபிள் வாங்கி மாட்டினேன். அறிவிப்பில் பைல் டிரான்ஸ்பர் என்று மாற்றியதும் போன் பெயர் வந்துவிட்டது. நாள்வாரியாக இருநூறு இருநூறாக எடுத்து வருகிறேன். தொட்டுப் பார்த்த படங்களில் எல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறது. மேப்பில் போட்டால் அதே ஏரிக்கரை வருகிறது. பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசி, அவர்கள் போனில் இருக்கும் அசல் படங்களையும் திங்கட்கிழமை பள்ளியில் வைத்து எடுக்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. எல்லாம் வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? உறுதியானதும் போனில் அழித்துவிடலாமா?

திருமங்கலம் ஸ்டூடியோ:

சந்தோஷம் டீச்சர். ஒவ்வொரு நாளுக்கும் போன் பக்கத்துல அந்த நாள் படங்களை மட்டும் தேர்வு பண்ணுங்க, ஜன்னலோட அடியில எத்தனைன்னு எண்ணிக்கை காட்டும். லேப்டாப் போல்டர்லயும் அதே எண்ணிக்கை வரணும். அப்புறம் போல்டர்ல பைல் அளவு வாரியா அடுக்குங்க. பூஜ்யம் கேபின்னு ஏதாவது இருந்தா அது உடைஞ்ச காப்பி, திரும்ப எடுக்கணும். கல்வெட்டு இருக்கிற கற்களை மட்டுமாவது ஒண்ணொண்ணாத் திறந்து பாத்துருங்க.

அழிக்கிறது இப்ப வேண்டாம். லேப்டாப்புல ஒரு பிரதி மட்டும் இருந்தா, இருந்த இடம் மாறியிருக்கே தவிரப் பத்திரமாகலை. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டுடிஸ்க் வாங்கி ரெண்டாவது பிரதி போட்டு, அதை வேற வீட்டுலயோ பள்ளி பீரோவுலயோ வைங்க. அதுக்கப்புறம் போன்ல அழிங்க. அழிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன்ல இருந்தா, அந்த ஆப்புக்குள்ள அழிச்சா கிளவுட்ல, அதாவது கூகுள் கணக்குல ஏறியிருக்கிற பிரதியும் சேந்து போகும். அதுல 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'னு ஒண்ணு இருக்கு, அது போன்ல இருக்கிறதை மட்டும் எடுக்கும். இலவச இடம் மொத்தம் 15 ஜிபிதான், ஜிமெயிலும் அதுக்குள்ளயே அடக்கம். பேக்கப் தரம் 'ஒரிஜினல் குவாலிட்டி'ன்னு இருந்தாத்தான் படம் சுருங்காம இருக்கும், அதையும் ஒரு தடவை பாத்துக்கங்க.

பிள்ளைக ஊர்வலம், திருவிழான்னு நீளமா வீடியோ எடுத்திருந்தா, பழைய பென்டிரைவ்ல ஏத்தும்போது 'பைல் பெரிசா இருக்கு'ன்னு மறுக்கும். அதுல இருக்கிற எஃப்ஏடி32ங்கிற சேமிப்பு முறையில ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில பார்மட் பண்ணிட்டா ஏறும். பார்மட் பண்ணா உள்ள இருக்கிறது போயிரும், காலி பென்டிரைவ்ல மட்டும் செய்ங்க.

தாம்பரம் அம்மா:

இதே இடத்தில் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். மகளின் ஐபோனிலிருந்து விண்டோஸ் லேப்டாப்புக்கு எடுக்கும்போது பாதியில் 'டிவைஸ் வேலை செய்யவில்லை' என்று நின்றுவிடுகிறது. பேரன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள்.

திருமங்கலம் ஸ்டூடியோ:

தப்பா நினைக்க என்னம்மா இருக்கு. 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து ஐபோன் படங்களை எச்இஐசிங்கிற வடிவத்துல சேமிக்குது. கம்ப்யூட்டருக்குக் குடுக்கும்போது போறபோக்குல ஜேபெக்கா மாத்திக் குடுக்கப் பாக்கும், அங்கதான் பெரும்பாலும் திணறி நிக்குது. செட்டிங்ஸ்ல போட்டோஸ் போங்க. ஐஓஎஸ் 18, இல்லை அதுக்கும் புதுசுன்னா 'ஆப்ஸ்'ங்கிறதுக்குள்ள போட்டோஸ் இருக்கும். கடைசி வரைக்கும் இறங்குனா 'டிரான்ஸ்பர் டு மேக் ஆர் பிசி'ன்னு இருக்கும். அதை 'ஆட்டோமேட்டிக்'ல இருந்து 'கீப் ஒரிஜினல்ஸ்'க்கு மாத்துங்க. கேபிளைக் கழட்டி மாட்டி, 'டிரஸ்ட்' கேட்டா ஒத்துக்கிட்டு பாஸ்கோடு போடுங்க.

அதே போட்டோஸ் பக்கத்துல 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்'ல டிக் இருக்கான்னும் பாருங்க. இருந்தா முழுப்படம் ஐகிளவுட்ல இருக்கும், போன்ல சின்னதுதான் இருக்கும், கேபிள்ல முழுசும் வராது. அப்படின்னா லேப்டாப்புல ஐகிளவுட் இணையதளத்துல மகளோட கணக்குல நுழைஞ்சு, அங்கருந்து மாசவாரியா இறக்குங்கம்மா. எடுத்து முடிச்சுட்டுச் சொல்லுங்க, எச்இஐசி திறக்கலைன்னா அதையும் பாத்துக்கலாம்.